தரங்கம்பாடியிலிருந்து ஹாலேக்குக் கப்பலேறிய மலையப்பன்

ஓய்வுநாள் பள்ளி வினாடி வினாவில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. நம் நாட்டுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரிகள் யார், எந்த ஊரில் வந்து இறங்கினார்கள், எந்த நாளில்? சின்னப் பிள்ளைகள்கூட மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள்: சீகன்பால்க், புளுட்சோ, தரங்கம்பாடி, 1706 ஜூலை 9.

இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்களில் தரங்கம்பாடியில் கப்பலேறி, பாதி உலகத்தைச் சுற்றி, ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்குப் போன தமிழ் வாலிபன் யார்? பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் விழிப்பார்கள். அவர் பெயர் பேதுரு மலையப்பன். அவரைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் பேச வேண்டும் என்ற ஆசை, சென்ற கோடையில் நாங்கள் சிலர் ஹாலே நகரைப் பார்த்து வந்ததிலிருந்தே இருக்கிறது.

உப்பு விளைந்த ஊர்

ஹாலேயில் கடல் இல்லை. ஊருக்குள் ஓடுவது சாலே என்ற ஆறு. அது எல்பே நதியில் கலந்து, ஹாம்பர்க் வழியாக வட கடலுக்குப் போகிறது. லைப்சிக் நகரிலிருந்து ரயிலில் அரைமணி நேரப் பயணம். முற்காலத்தில் பூமிக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்து, காய்ச்சி, உப்பெடுத்து விற்றுப் பணக்கார ஊராக ஆனது. அந்த உப்புத் தொழிலாளர்களுக்கு ஹாலோரன் என்று தனிப் பெயரே உண்டு. வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்திருக்கிற நமக்கு, கடலே இல்லாத ஊரில் உப்பு என்பது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஊரின் நடுவே சந்தைச் சதுக்கம். அங்கே நிற்கும் சிலை இசைமேதை ஹேண்டலுடையது. அவர் 1685-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் நம் பாடகர் குழுக்கள் பாடுகிற 'மேசியா'வை இயற்றியவர் அவரே. எதிரே உள்ள சந்தை ஆலயத்தில்தான் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. 1546-இல் மார்ட்டின் லூத்தர் மரித்தபோது, அவருடைய உடலை விட்டன்பர்க் கொண்டுபோகும் வழியில் ஓர் இரவு இந்த ஆலயத்தில் வைத்திருந்தார்கள். அவருடைய முகத்திலிருந்தும் கைகளிலிருந்தும் எடுத்த மெழுகு அச்சு இன்றும் அங்கே இருக்கிறது.

இவை எல்லாம் எந்தச் சுற்றுலாப் பயணியும் பார்ப்பவை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பார்க்க வேண்டிய இடம் அங்கிருந்து பத்து நிமிட நடையில், பிராங்கே சதுக்கத்தில் இருக்கிறது.

நான்கு தாலரில் தொடங்கியது

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர், ஹாலே நகருக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற ஏழைக் குடியிருப்பில் ஊழியம் செய்தார். 1695 ஈஸ்டர் சமயத்தில் அவர் வீட்டில் வைத்திருந்த தர்மப் பெட்டியில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் விழுந்திருந்தன. யாரோ ஒருவர் ஒரே தடவையில் போட்ட காணிக்கை. அதைச் செலவழித்துத் தீர்க்காமல், புத்தகம் வாங்கி, ஒரு ஏழை மாணவரை வாத்தியாராக வைத்து, தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதன் பிறகு பள்ளிகள், மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை என்று ஒரு சிறு நகரமே அங்கே எழும்பியது. 1710-இல் நண்பர் கான்ஸ்டைன் பிரபுவோடு சேர்ந்து, ஏழைகளும் வாங்கும் விலையில் வேதாகமம் அச்சிடும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1727-இல் பிராங்கே மரித்தபோது 2000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள்.

அநாதை இல்லத்தின் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே ஏசாயா 40:31. வாசலில் நின்று அந்த வசனத்தை நாங்கள் தமிழில் சேர்ந்து சொன்னோம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பத் தேடியபோது, ஹாலேயில் பயின்ற சீகன்பால்க்கும் புளுட்சோவும்தான் கிடைத்தார்கள். பின்னால் வந்த ஷூல்ட்சே, பப்ரிஷியஸ், சுவார்ட்ஸ் ஆகிய ஐயர்மாரும் ஹாலேயிலிருந்து வந்தவர்களே. தஞ்சாவூரும் திருச்சியும் திருநெல்வேலியும் நன்றியோடு நினைக்கிற சுவார்ட்ஸ் ஐயர், தமிழ் எழுத்துக்களை முதலில் கற்றதே ஹாலேயில்தான். இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த ஷூல்ட்சே தமிழ் வேதாகமத்தை ஹாலேயில் அச்சிட எண்ணியபோது, அந்த வேலைக்கு உதவுவதற்காக அவர் தமிழ் படித்தார்.

இந்தக் கதையின் இந்தப் பாதி நமக்குத் தெரியும். ஆலயங்களில் கல்வெட்டு இருக்கிறது, நூற்றாண்டு மலர்களில் படம் இருக்கிறது. மறு பாதிக்கு வருவோம்.

கப்பலில் ஒரு தமிழ் வாலிபன்

1714 அக்டோபரில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். குடியேற்ற அதிகாரிகளால் மிஷன் வேலைக்கு வந்த இடையூறுகளைப் பற்றி நேரில் பேச வேண்டியிருந்தது. 1708-இல் தொடங்கி நான்கு மாதம் அவரைச் சிறையிலேயே வைத்திருந்தவர்கள் அல்லவா! இந்தப் பயணத்துக்கு அவர் தம்மோடு அழைத்துக்கொண்டது மலையப்பனை. தமிழ்ப் பேச்சு நாவிலிருந்து போய்விடக் கூடாது, எழுத்து வேலையும் நின்றுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அன்றைய கப்பல் பயணத்தை இன்றைய உல்லாசக் கப்பலோடு ஒப்பிட முடியாது. தரங்கம்பாடியில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்கத் துறை கிடையாது. அலைகளைத் தாண்டிப் படகில் போய், கடலில் நங்கூரமிட்ட கப்பலில் ஏற வேண்டும். சூயஸ் கால்வாய் கிடையாது; ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். உப்பிட்ட இறைச்சி, காய்ந்த ரொட்டி, நாள்பட்ட தண்ணீர். காற்று நின்றால் கப்பலும் நிற்கும். வழியில் மரித்தவர்களைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். 1715 ஜூன் மாதம் அவர்கள் நார்வே நாட்டின் பெர்கன் துறைமுகத்தில் கரையேறினார்கள். ஏழு மாதத்துக்கும் மேல்!

அப்போது வட ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. டென்மார்க் அரசர் ஸ்ட்ரால்சுண்ட் நகரை முற்றுகையிட்டுப் பாசறையில் இருந்தார். சீகன்பால்க் அங்கே போய் அரசரைக் கண்டு பேசினார். பின்பு ஹாலே.

காவிரிக் கரையின் வெயிலில் வளர்ந்த மலையப்பனுக்கு அந்த ஊர் எப்படி இருந்திருக்கும்? நாங்கள் போனது கோடைக்காலம். அப்படியிருந்தும் சாயங்காலம் ஸ்வெட்டர் தேடினோம். அவர் கண்டது இலையுதிர் காலமும் பனியும். கம்பளி ஆடை, மூடுகாலணி, கஞ்சி இல்லாத காலை. தமிழில் பேச ஓரிருவரைத் தவிர யாருமில்லை. ஓரிருவர் என்று சொல்லக் காரணம் உண்டு. 1711-இல் புளுட்சோ ஊர் திரும்பியபோது திமோத்தேயு என்ற தமிழ்ச் சிறுவனையும் தம்மோடு ஹாலேக்கு அழைத்துவந்திருந்தார்.

அட்டையில் இல்லாத பெயர்

அந்தக் கப்பலில் நடந்த வேலைதான் முக்கியமானது. அலையில் ஆடுகிற கப்பலில் இருந்தபடியே சீகன்பால்க் தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீன் மொழியில் எழுதினார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பையும் தொடர்ந்தார். பக்கத்தில் மலையப்பன். ஒரு சொல்லை எப்படிச் சொல்வோம், இந்த வினை எப்படித் திரியும், எது எழுத்து வழக்கு, எது பேச்சு வழக்கு என்று கேட்டால், பதில் சொல்ல அந்தக் கப்பலில் வேறு யார் இருந்தார்கள்?

அந்த இலக்கணம் 1716-இல் ஹாலே அநாதை இல்லத்து அச்சகத்தில் 'கிராமாட்டிகா டாமுலிகா' என்ற பெயரில் வெளிவந்தது. 'டாமுலிகா' என்றால் தமிழ். ஐரோப்பாவில் தமிழ் படிக்க விரும்பியவர்களுக்குக் கையில் கிடைத்த முதல் அச்சு இலக்கணம் அதுதான். பின்னால் மிஷனெரிகளாகப் புறப்பட்டவர்கள் அதை வைத்துத்தான் 'அ, ஆ' படித்தார்கள். முன்பக்கத்தில் ஆசிரியர் பெயராக சீகன்பால்க் இருக்கிறார். மலையப்பன் பெயர் அங்கே இல்லை.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சீகன்பால்க் தமிழர்களைத் தாழ்வாக எண்ணியவர் அல்ல. தரங்கம்பாடிக்கு வந்ததும் வயதான ஒரு வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். 'உலகநீதி', 'கொன்றைவேந்தன்', 'நீதிவெண்பா' ஆகியவற்றை 1708-இலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். ஆனாலும் அந்தக் காலத்துப் புத்தகம் ஒருவர் பெயரைத்தான் சுமந்தது. அந்த ஒருவருக்குப் பின்னால் மணலில் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், மொழிபெயர்த்துச் சொன்ன அழகப்பன், கடலைத் தாண்டிக் கூடவே போன மலையப்பன் என்று ஒரு வரிசையே நிற்கிறது.

ஹாலே கேட்க விரும்பாதது

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழரின் தெய்வங்களைப் பற்றியும் வழிபாடுகளைப் பற்றியும், தமிழர்களிடமே கேட்டறிந்து, சீகன்பால்க் 1713-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். நீங்கள் போனது அந்த மார்க்கத்தை ஒழிக்கத்தானே, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கா என்பதே அவர் கருத்து. அந்தப் புத்தகம் 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. நூற்றைம்பது வருஷம் உறங்கிக் கிடந்தது.

அப்படியிருந்தும் ஹாலே தமிழர்களின் குரலை முற்றிலும் அடைத்துவிடவில்லை. சீகன்பால்க்கும் கிருண்டலரும் அனுப்பிய கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்கள் 99, ஜெர்மன் மொழியில் 1714-லும் 1717-லும் ஹாலேயில் அச்சாயின. கிறிஸ்தவராகாத தமிழர்கள் தங்கள் விசுவாசத்தைப் பற்றியும், ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் நடத்தையைப் பற்றியும் மனந்திறந்து எழுதிய கடிதங்கள் அவை. குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களின் மார்க்கம் எப்படி நல்ல மார்க்கமாகும் என்ற கேள்வியும் அவற்றில் உண்டு. அன்றைய ஜெர்மன் விசுவாசி அதைத் தன் வீட்டில் உட்கார்ந்து வாசித்தான். சுவிசேஷம் போன கப்பலிலேயே, சுவிசேஷத்தைச் சுமந்தவர்களைச் சோதித்துப் பார்க்கிற கேள்விகளும் திரும்பி வந்தன. அது நல்லதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலை தொங்கும் அறை

அநாதை இல்லத்தின் மேல்மாடியில் ஒரு விநோத அறை உண்டு. உலகமெங்குமிருந்து அனுப்பப்பட்ட சுமார் 3000 பொருட்களை வண்ணம் தீட்டிய மர அலமாரிகளில் அடுக்கியிருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. பிள்ளைகள் படிப்பதற்காகப் பிராங்கே சேர்க்கத் தொடங்கிய தொகுப்பு இது. அலமாரிகள் 1730-களின் இறுதியில் அமைக்கப்பட்டவை. அவற்றில் தென்னிந்தியாவிலிருந்து போன பொருட்களும் இருக்கின்றன. நம் பாட்டி வீட்டு மாடத்தில் இருக்க வேண்டிய ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் எண் போட்டுப் பார்ப்பது ஒரு விதமான உணர்வு. பெருமையா, வருத்தமா என்று எங்களுக்குள் அன்று இரவு வரை விவாதம் நடந்தது. ஒருவர், அங்கே போனதால்தான் கரையான் அரிக்காமல் பிழைத்தது என்றார். இன்னொருவர், கொடுத்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கலாமே என்றார். இரண்டும் நியாயம்தான்.

பக்கத்திலேயே 1728-இல் கட்டி முடித்த நூலகக் கட்டடம். ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களும், தமிழ், தெலுங்கு ஓலைச்சுவடிகளும் பாதுகாக்கப்படுகின்றன. நம் ஊரில் வெள்ளத்திலும் பூச்சியிலும் அழிந்துபோனவற்றில் சில, உப்பு விளைந்த அந்த ஊரில் பதப்படுத்தி வைத்ததுபோல் இருக்கின்றன.

இந்தக் கட்டடங்களும் அழிவின் விளிம்புக்குப் போய் வந்தவைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஆட்சியில் பிராங்கேயின் நிறுவனம் கலைக்கப்பட்டது. கூரைகள் ஒழுகின, வாசலுக்கு நேரே உயர்மட்டச் சாலையைப் போட்டார்கள். ஜெர்மனி ஒன்றான பிறகு, 1990-களில்தான் ஒவ்வொரு கட்டடமாக மீட்டெடுத்தார்கள். அதே நிறுவனத்தின் பங்களிப்போடு தரங்கம்பாடியில் சீகன்பால்க் வாழ்ந்த வீடும் புதுப்பிக்கப்பட்டு, 2017-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஹாலேக்குப் போக வசதியில்லாதவர்கள் மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினாலே போதும்.

அனுப்பிய ஊரின் காலி இருக்கைகள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனோம். ஆர்கன் இசை அருமை. ஆனால் இருக்கைகள் பெரும்பாலும் காலி. வந்திருந்தவர்களில் பலர் நம் தாத்தா பாட்டி வயதுக்காரர்கள். ஹாலே இருக்கிற சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இன்று மிகப் பெரும்பாலோர் எந்தத் திருச்சபையையும் சேர்ந்தவர்கள் அல்ல. உலகத்துக்கு மிஷனெரிகளை அனுப்பிய ஊர் இது.

நம் சபைகளிலிருந்து இன்று எத்தனை தம்பி தங்கைகள் மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனிக்குப் போகிறார்கள்! வங்கிக் கடன், விசா, அறை வாடகை, மொழித் தேர்வு என்று நூறு கவலை. அங்கே ஆலயத்தில் மொழி புரியவில்லை, யாரும் வலிய வந்து பேசுவதில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம். 300 ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்ற ஒருவர், உங்களைவிடக் குறைந்த மொழியறிவோடு, வாட்ஸ்அப் இல்லாத காலத்தில், ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் நிலையில் அங்கே போனார். கையேந்தப் போகவில்லை. தம் தாய்மொழியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ரோமர் 1:14-இல் பவுல் தன்னைக் கடனாளி என்று சொல்கிறார். நாமும் ஹாலேக்குக் கடன்பட்டவர்கள்தான். ஆனால் ஹாலேயும் நமக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட உறவில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று இருக்க முடியாது. அந்தக் காலி இருக்கைகளில் ஒன்றில் போய் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் நீங்களே முதலில் பேசுங்கள்.

மலையப்பன் 1716-இல் ஊர் திரும்பினார். பிறகும் மிஷனிலேயே பணி செய்தார். அவருக்குச் சிலை கிடையாது.

உங்கள் சபையின் மலையப்பன் யார்?

ஹாலேக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும், நேரம் பார்த்துப் போங்கள். அநாதை இல்லத்தின் மொட்டைமாடிக்கு ஏறத் தவறாதீர்கள். பிராங்கேயின் கல்லறை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

போக முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. நம் ஒவ்வொரு சபைக்கும் ஒரு சீகன்பால்க் இருப்பார். ஆலயத்தைக் கட்டிய ஐயரின் பெயர் வாசல் கல்லில் இருக்கும். அவருக்கு மொழி சொல்லிக்கொடுத்தவர், வீடு வீடாகக் கூட்டிப்போன உபதேசியார், பெண்களுக்கு எழுத்தறிவித்த பைபிள் அம்மா, சுண்ணாம்பு சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கே? பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும், கமிட்டிக் குறிப்புகளிலும், எண்பது வயதைத் தாண்டிய நம் ஆச்சிமார், தாத்தாமார் ஞாபகத்திலும் இன்னும் இருக்கின்றன. பதிவேட்டைப் பூச்சி அரிக்கும். ஆச்சியின் ஞாபகம் இன்னும் எத்தனை நாளைக்கு?

அடுத்த மாத வாலிபர் கூட்டத்துக்கு இதை வையுங்கள். இரண்டு பேர் போதகரிடம் அனுமதி கேட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு பெரியவர் வீட்டில் போய் உட்கார்ந்து, போனில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கிடைக்கிற பெயர்களை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பத்துப் பெயர் கிடைத்தாலும் சரி, ஒரே பெயர் கிடைத்தாலும் சரி, இந்த இதழில் அச்சிடுவோம்.